கை கழுவுங்கள்... கைகழுவி விடாதீர்கள்!

ஆபீஸ் போகிற ஆண்களை மூன்று ரகமாகப் பிரித்துவிடலாம். முதுகு வலிக்காரர்கள். கழுத்து வலிக்காரர்கள். மூன்றாவது ரகம், "எனக்கெல்லாம் ஒண்ணும் இல்லப்பா" என்று சொல்லிக்கொண்டே மேஜையைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கிறவர்கள்.

காரணம் தேட மைக்ராஸ்கோப் வேண்டாம். எட்டு மணி நேரம் கம்ப்யூட்டர் முன்னால் வளைந்த முதுகு. போக ஒரு மணி, வர ஒரு மணி பைக். நடுவில் அன்போடு தோண்டி வைத்த பள்ளங்கள். மிச்ச நேரத்துக்கு இருக்கவே இருக்கிறது செல்போன். அந்தக் காலத்தில் 'குனிந்த தலை நிமிராதவள்' என்று பெண்ணைத்தான் புகழ்வார்கள். இப்போது ஆணும் நிமிர்வதில்லை!

ஒரு சுபயோக சுபதினத்தில் தும்மும்போது இடுப்பில் 'பளிச்' என்று ஒன்று வெட்டும். எலும்பு டாக்டர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "பத்து சிட்டிங் பிஸியோ எடுத்துக்குங்க" என்பார். விசாரித்துக்கொண்டு போனால் க்ளினிக் இரண்டாவது மாடியில் இருக்கும். லிஃப்ட் இருக்காது. ஏறி முடித்தால் ஒரு சிட்டிங் முடிந்த மாதிரிதான்.

அங்கே போய் நாம் என்ன கேட்கிறோம்? "சிட்டிங்குக்கு எவ்வளவு?" "ஞாயித்துக்கிழமை உண்டா?" "வண்டி எங்க விடறது?" இந்த மூன்றோடு விசாரணை ஓவர்.

இரண்டு கேள்விகளை மட்டும் யாரும் கேட்பதில்லை. ஒன்று: எனக்கு முன்னால் இந்தக் கட்டிலில் படுத்திருந்தவர் எதையாவது விட்டுவிட்டுப் போயிருக்கிறாரா? பர்ஸ், கண்ணாடி இல்லை ஸார். கிருமி. இரண்டு: எனக்கு வைத்தியம் செய்கிற இந்தப் பிஸியோ நாளைக்கு வேலையை விட்டுப் போய்விட்டால், என் கதை இங்கே வேறு யாருக்காவது தெரியுமா?

நான் படித்தது பி.காம். வைத்தியத்தில் என் தகுதி தலைவலி மாத்திரை வாங்குவதோடு சரி. ஆனால் கணக்கு தெரியும். ஒரு தெரபி க்ளினிக் இரண்டு லெட்ஜர் எழுத வேண்டும். முதல் லெட்ஜர் கிருமிக் கணக்கு. ஒவ்வொரு பேஷண்ட் எழுந்து போனதும் அதில் பாக்கி 'நில்' ஆகவேண்டும். ஒரு பைசா கூட அடுத்த ஆள் கணக்குக்குப் போகக் கூடாது. இரண்டாவது லெட்ஜர் சிகிச்சைக் கணக்கு. இதில் நேற்றைய முடிவு இருப்புதான் இன்றைய ஆரம்ப இருப்பு. ஒரு பைசா கூட விட்டுப்போகக் கூடாது.

நம்ம ஊர்ப் பல க்ளினிக்குகளில் இது அப்படியே தலைகீழ். கிருமி தவறாமல் 'கேரி ஃபார்வர்ட்' ஆகிறது. வைத்தியம் மட்டும் தினமும் பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்கிறது!

பெரிய மனிதர்களின் அழுக்குக் கை

டாக்டர் நம்மைத் தொடுவது இரண்டு நிமிஷம். அதுவும் ஸ்டெதாஸ்கோப் நடுவில் இருக்கும். பிஸியோதெரபிஸ்ட் அப்படி இல்லை. அரை மணி, முக்கால் மணி நம் தோளிலும் முட்டியிலும் அவர் கைதான். அதே கை ஒரு நாளில் எத்தனை உடம்புகளைத் தொடுகிறது என்று எண்ணிப் பாருங்கள். க்ளினிக்கில் மிக முக்கியமான கருவி அந்தக் கை. மிக எளிதாகக் கிருமி பயணம் செய்கிற வாகனமும் அதுவே.

இதைக் கண்டுபிடித்தவருக்குக் கிடைத்த மரியாதையைக் கேளுங்கள். 1847. வியன்னா பொது மருத்துவமனை. அங்கே இரண்டு பிரசவ வார்டுகள். ஒன்றில் மருத்துவ மாணவர்கள் பிரசவம் பார்த்தார்கள். இன்னொன்றில் மருத்துவச்சிகள். படித்தவர்கள் வார்டில்தான் தாய்மார்கள் அதிகம் செத்தார்கள். சில மாதங்களில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கும் மேல். 'அந்த வார்டு வேண்டாம்' என்று கர்ப்பிணிகள் காலில் விழுந்து கெஞ்சினார்களாம்.

இக்னாஸ் செம்மல்வைஸ் என்கிற ஹங்கேரி டாக்டர் கவனித்தார். மாணவர்கள் பிணப் பரிசோதனை அறையிலிருந்து நேராகப் பிரசவ வார்டுக்கு வருகிறார்கள். வாசலில் குளோரின் கலந்த சுண்ணாம்புத் தண்ணீரை வைத்து, 'கையைக் கழுவிவிட்டு உள்ளே போ' என்றார். சாவு நூற்றுக்கு ஒன்று, இரண்டு என்று இறங்கிவிட்டது.

மாலை போட்டுப் பாராட்டியிருப்பார்கள் என்று நினைப்பீர்கள். இல்லை. பெரிய பெரிய டாக்டர்களுக்குக் கோபம் வந்தது. 'எங்கள் கை அழுக்கா?' கடைசியில் அவரை மனநல விடுதியில் கொண்டுபோய் அடைத்தார்கள். 1865-ல் அங்கேயே இறந்தார். காரணம், காயத்தில் ஏறிய கிருமித் தொற்று. விதி சில சமயம் ரொம்ப மோசமாக ஜோக் அடிக்கிறது.

உலக சுகாதார நிறுவனம் இன்றைக்குச் சொல்கிற கணக்கு: சோப்பு, தண்ணீர் என்றால் 40 முதல் 60 விநாடி. ஆல்கஹால் திரவம் என்றால் 20 முதல் 30 விநாடி. பேஷண்ட்டைத் தொடுவதற்கு முன்னால் ஒரு முறை, தொட்ட பிறகு ஒரு முறை. கண்ணுக்குத் தெரிகிற அழுக்கோ எண்ணெயோ இருந்தால் சோப்புதான். ஆல்கஹால் போதாது. நம் தெரபி க்ளினிக்கில் எண்ணெயும் ஜெல்லும் இல்லாத கை ஏது? ஆக, வாஷ்பேசின் இருக்கிறதா, அதில் தண்ணீர் வருகிறதா, சோப்பு ஈரமாக இருக்கிறதா என்று பாருங்கள். சோப்பு காய்ந்து வெடித்துக் கிடந்தால் புரிந்துகொள்ளுங்கள்.

அறையைச் சுற்றி ஒரு ரவுண்ட்

உள்ளே போனதும் முதலில் கண்ணில் படுவது கட்டில். ரெக்ஸின் உறை. அதில் ஒரு கிழிசல் இருந்து பஞ்சு எட்டிப் பார்த்தால் அது அழகுப் பிரச்னை இல்லை. கிழிந்த இடத்தைத் துடைத்துச் சுத்தம் பண்ணவே முடியாது. வியர்வையும் ஈரமும் உள்ளே இறங்கிக் கிருமிக்கு வாடகையில்லாத வீடாகிவிடும்.

துடைப்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. மருந்தைத் தெளித்த அடுத்த நொடி துணியால் வழித்து எடுத்துவிடுகிறார்கள். கிருமி சாக நேரம் வேண்டும் ஸார். பாட்டிலில் போட்டிருக்கிற நிமிஷக் கணக்குக்கு அந்த இடம் ஈரமாக இருக்க வேண்டும். இன்னொரு வேடிக்கை: 100 சதவீத ஆல்கஹாலை விட 70 சதவீத ஆல்கஹால்தான் நன்றாகக் கொல்லும். கூட இருக்கிற தண்ணீர்தான் அது கிருமியின் புரதத்தை உடைக்கத் துணை. (இந்தத் தகவலை வேறு கடைகளில் பயன்படுத்த வேண்டாம்.)

அடுத்து டவல். நம்ம ஊரில் பத்துப் பதினைந்து வருஷமாகப் படர்தாமரை படுத்துகிற பாடு தோல் டாக்டர்களைக் கேட்டால் தெரியும். மெடிக்கல் ஷாப்பில் நாமே கேட்டு வாங்கிப் பூசுகிற ஸ்டீராய்டு கலந்த களிம்பு அதை அடக்குவது போல அடக்கி, பிறகு ஊதிப் பெருக்கிவிட்டது. படர்தாமரை, சொறிப்பூச்சி இரண்டுமே ஒருவர் துண்டை இன்னொருவர் பயன்படுத்தினால் சந்தோஷமாக வீடு மாறும்.

எனக்குத் தெரிந்த ஒரு பெண் பிஸியோதெரபிஸ்ட்டிடம் கேட்டேன். சின்ன க்ளினிக். சொந்த முயற்சி.

"மேடம், ஆளுக்கு ஒரு டவல் தரக் கூடாதா?"

"தரலாம் ஸார். ஒரு நாளைக்கு முப்பது பேர். முப்பது டவல் துவைக்கணும், காயணும். மழைக்காலத்துல காயாது. அப்ப எண்பது, தொண்ணூறு டவல் வேணும். லாண்டரி செலவு தனி. சரி, வீட்டுலேர்ந்து ஒரு டவல் கொண்டு வாங்கன்னா, 'அதுக்குத்தானே ஃபீஸ் வாங்கறீங்க'ன்னு கோவிச்சுக்கறாங்க. பார்லர்ல போய் 'புது பிளேடு போடுங்க'ன்னு கேக்கத் தெரியுது. இங்க வந்தா கூச்சம்!"

அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. கடைசியில் அவர் கண்டுபிடித்த வழி எளிமை. ஆளுக்கு ஒரு துணிப்பை, அதில் அவரவர் டவல், பெட்ஷீட், மின்சாரச் சிகிச்சைக்கான ஒட்டும் பேடு. பையின் மேல் நம்பர். சனிக்கிழமை பையை வீட்டுக்கு எடுத்துப் போய்த் துவைத்து, வெயிலில் காயவைத்துக் கொண்டுவர வேண்டும். ஸ்கூல் பை மாதிரி. பெரிய பெரிய மேனேஜர்கள் எல்லாம் தோளில் மாட்டிக்கொண்டு போகிறார்கள்!

அல்ட்ராசவுண்ட் சிகிச்சைக்குத் தடவுகிற ஜெல். பார்க்கப் பளபளவென்று, மருந்து மாதிரியே இருக்கும். ஆனால் அது கிருமிநாசினி அல்ல. கிருமி உள்ளே புகுந்தால் அங்கேயே குடும்பம் நடத்தும். 2021-ல் கனடாவில் தயாரான ஒரு ஜெல்லில் பர்க்ஹோல்டேரியா என்கிற கிருமி இருந்து, அமெரிக்காவில் நோயாளிகளுக்குத் தொற்று ஏற்பட்டு, அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 'பயன்படுத்தாதீர்கள்' என்று எச்சரித்தது. தொழிற்சாலையிலேயே இந்தக் கதி என்றால், நம்மூரில் ஐந்து லிட்டர் கேனிலிருந்து பழைய பாட்டிலைக் கழுவாமல் மேலே மேலே ஊற்றி நிரப்புகிற பழக்கத்தை என்ன சொல்வது? அந்தப் பாட்டிலின் அடியில் எந்த வருஷத்து ஜெல் இருக்கிறதோ! ஸ்டாக் கணக்கில் முதலில் வந்தது முதலில் போக வேண்டும் என்பார்கள். இதில் முதலில் வந்தது போகவே போகாது.

மின்சாரச் சிகிச்சைக்கு வைக்கிற ஈர ஸ்பாஞ்ச். ஈரமும் ஸ்பாஞ்சும் சேர்ந்த இடம் கிருமிக்கு ஊட்டி, கொடைக்கானல். ராத்திரி முழுக்கக் கிண்ணத்துத் தண்ணீரில் ஊறப்போடாமல், கழுவிக் காயவைக்க வேண்டும்.

விரல் மூட்டு வலிக்குக் கையை முக்கி எடுக்கிற மெழுகுத் தொட்டி. மெழுகு ஏறத்தாழ 52 முதல் 54 டிகிரி செல்சியஸில் உருகி நிற்கும். கை பொறுக்கிற சூடு அது. கிருமி எல்லாம் செத்துப்போகிற சூடு அல்ல. கையைச் சோப்பு போட்டுக் கழுவிவிட்டுத்தான் முக்க வேண்டும். புண், வெட்டுக்காயம் இருந்தால் கூடாது. உரித்த மெழுகை மறுபடி தொட்டியிலேயே போடுகிற சிக்கனம் ஆபத்தான சிக்கனம்.

ஊசி குத்துகிற வைத்தியம் செய்தால் ஒரு ஊசி ஒரே ஒருவருக்கு, ஒரே ஒரு முறை. 2016-ம் வருஷத்து மருத்துவக் கழிவு விதிகளின்படி ஊசி போக வேண்டிய இடம், குத்தினால் துளை விழாத வெள்ளை நிற டப்பா. குப்பைக்கூடை அல்ல. அதை அள்ளுகிற அம்மாவுக்கும் விரல்கள் இருக்கின்றன.

கடைசியாக, கண்ணுக்குத் தெரியாத காற்று. உலகத்துக் காசநோயாளிகளில் கிட்டத்தட்ட நான்கில் ஒருவர் இந்தியர். காசநோய் டவலில் பரவாது, இருமல் வழியாகக் காற்றில் பரவும். ஏ.சி. ஓடுகிறது என்று எல்லா ஜன்னலையும் அடைத்து, ஆறு கட்டிலுக்கு நடுவில் துணித் திரை மட்டும் போட்டால், காற்று திரையைப் பார்த்துத் திரும்பிப் போகாது. ஒரு ஜன்னல், எதிரில் ஒரு கதவு, ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன். இதற்கு ஆகிற செலவு ரொம்பக் குறைவு.

பெரியப்பாவின் இடது கை

இப்போது இரண்டாவது லெட்ஜர்.

என் பெரியப்பாவுக்கு 2020 ஜனவரியில் பக்கவாதம். இடது கை, இடது கால். சண்டை போட்டுப் பிழைத்துவிட்டார். ஒரு க்ளினிக்கில் தினமும் பயிற்சி. மார்ச் முதல் வாரத்தில் வாக்கரைப் பிடித்துக்கொண்டு வாசல் வரை நடந்தார். இடது கை விரல்கள் லேசாக விரிய ஆரம்பித்தன. டம்ளரைப் பிடித்துக் காட்டி, "பாத்தியாடா" என்று சிரித்தார்.

மார்ச் 25 ஊரடங்கு. பஸ் இல்லை, ஆட்டோ இல்லை. க்ளினிக் ஷட்டர் இறங்கியது. தொற்று பயம். தப்பு சொல்ல முடியாது. ஆனால் ஷட்டர் இறங்கும்போது ஒருவரும் போன் செய்து, 'வீட்டில் இதை இதைச் செய்யுங்கள், கையை இப்படி வையுங்கள், இதை மட்டும் செய்யாதீர்கள்' என்று சொல்லவில்லை. ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. பெரியம்மா தனக்குத் தெரிந்தபடி, கட்டிலிலிருந்து எழுப்புவதற்கு அந்தச் செயலிழந்த கையையே பிடித்து இழுத்தார். பக்கவாதம் வந்த கையைப் பிடித்து இழுத்தால் தோள் மூட்டு நழுவும் என்று அவருக்கு யார் சொன்னார்கள்?

க்ளினிக் திறந்தபோது அங்கே பழைய பிஸியோ இல்லை. ஊருக்குப் போனவர் திரும்பவில்லை. புதுப் பையன். நல்ல பையன்தான்.

"தாத்தாவுக்கு எப்பலேர்ந்து இப்படி?"

"ஜனவரிலேர்ந்துப்பா. இங்கதானே ரெண்டு மாசம் வந்தோம்."

"அப்படியா? ரெக்கார்டு ஒண்ணும் இல்லையே. பணம் கட்டின ரசீது மட்டும் இருக்கு."

கவனித்தீர்களா? க்ளினிக்கில் ரசீது பத்திரமாக இருந்தது. முட்டி எத்தனை டிகிரி மடங்கியது, விரல் எவ்வளவு விரிந்தது, எத்தனை அடி நடந்தார் என்பது யாரோ ஒருவர் ஞாபகத்தில் இருந்து, அவரோடு பஸ் ஏறிப் போய்விட்டது. கணக்கில் வராத சொத்து கணக்கில் வராமலே காணாமல் போகும்.

பக்கவாதத்தில் முதல் மூன்று மாதம் பொன்னான காலம். உடம்பு வேகமாகத் திரும்பி வருவது அப்போதுதான். பிறகும் முன்னேற்றம் வரும், ஆனால் நடை மெதுவாக. பெரியப்பாவின் பொன்னான காலத்தில் ஒரு பகுதி அந்த ஷட்டருக்குப் பின்னால் போய்விட்டது. இன்றைக்கும் கால் நடக்கிறது. இடது கை மூடியது மூடியபடி. டம்ளர் வலது கையில்.

அந்த அட்டையில் என்ன இருக்க வேண்டும்?

தொடர்ச்சி என்றால் அதே பிஸியோவே ஆயுசு முழுக்க இருக்க வேண்டும் என்று அர்த்தமில்லை. அவருக்கும் கல்யாணம், பிரசவம், வெளிநாட்டு வேலை எல்லாம் உண்டு. ஆள் மாறலாம். கதை அறுந்து போகக் கூடாது. பேங்க்கில் கேஷியர் மாறினால் நம் பாஸ்புக் பூஜ்யமாகிறதா?

அட்டையில் நான்கு விஷயம் போதும். முதல் நாள் எப்படி இருந்தார்: வலி பத்துக்கு எத்தனை, மூட்டு எத்தனை டிகிரி. இன்றைக்கு என்ன செய்தோம்: எந்த மெஷின், எவ்வளவு நேரம், எந்தப் பயிற்சி. அடுத்த இலக்கு என்ன: சம்மணம் போடுவதா, மாடி ஏறுவதா. நான்காவது, சிவப்பு மையில் எழுத வேண்டியது: என்ன செய்யவே கூடாது.

இந்தச் சிவப்பு மைதான் உயிர். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவருக்கு ஷார்ட்வேவ் மாதிரி மின்சாரச் சிகிச்சைகள் ஆபத்து. பல வருஷ சர்க்கரையால் பாதத்தில் உணர்ச்சி மரத்தவருக்குச் சூட்டு ஒத்தடம் வைத்தால் தோல் வெந்தாலும் தெரியாது. அந்த ஒத்தடப் பை கிடக்கிற தண்ணீர் எழுபது டிகிரிக்கு மேல்! பழைய பிஸியோவுக்கு இதெல்லாம் தெரியும். திங்கட்கிழமை புதிதாக வந்தவருக்கு? 'பேஷண்ட் சொல்வார்' என்பது பதில் இல்லை. பாதிப் பேருக்குத் தங்களுக்குச் சர்க்கரை இருப்பதைச் சொல்வதே கௌரவக் குறைச்சல்.

ஒரே சுவரில் இரண்டு போர்டு

சரி, இந்த இரண்டு லெட்ஜரும் ஒன்றோடொன்று மோதினால்?

மோதும். பல க்ளினிக்குகளில் சுவரில் ஒரு போர்டு: 'காய்ச்சல், இருமல் உள்ளவர்கள் வர வேண்டாம்.' ரொம்ப நல்லது. அதே சுவரில் பக்கத்திலேயே இன்னொரு போர்டு: 'பத்து சிட்டிங் முன்பணம். வராத நாளுக்குப் பணம் திருப்பித் தரப்பட மாட்டாது.'

இப்போது நடுத்தர வர்க்கத்து மனிதன் என்ன செய்வான்? பாராசிட்டமால் ஒன்றைப் போட்டுக் காய்ச்சலை இறக்கிக்கொண்டு, கர்ச்சீப்பில் இருமலை மறைத்துக்கொண்டு, கட்டின காசு வீணாகக் கூடாது என்று வந்துவிடுவான். தப்பு அவன் மேல் மட்டுமா? இரண்டாவது போர்டு முதல் போர்டைத் தின்றுவிட்டது. கிருமியைப் பரப்பியது ஒரு ஃபீஸ் விதி!

தீர்வு ஒன்றும் ராக்கெட் விஞ்ஞானம் இல்லை. 'உடம்பு சரியில்லை என்று போன் பண்ணினால் அந்த சிட்டிங் தள்ளிப் போகும், காசு போகாது' என்று ஒரு வரி. தோல் நோயோ ஆறாத புண்ணோ இருப்பவருக்கு அன்றைய கடைசி நேரம், அதற்குப் பிறகு அறை முழுக்கச் சுத்தம். வர முடியாதவருக்கு வீடியோ காலில் பத்து நிமிஷப் பயிற்சி. கூடவே தமிழில் ஒரு பக்கம் படம் போட்ட பயிற்சித் தாள். இவ்வளவுதான்.

சேத்துப்பட்டு உலகத்துக்குச் சொன்ன பாடம்

'தொற்றையும் தடுக்க வேண்டும், வைத்தியமும் அறுந்துபோகக் கூடாது என்றால் எப்படி முடியும்?' என்பவர்களுக்கு நம்ம சென்னையே பதில் சொல்லியிருக்கிறது.

1956. காசநோய் என்றால் ஊரை விட்டு ஒதுக்குப்புறமான சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுக்க வேண்டும் என்பது அன்றைய சட்டம். ஏழைக்கு அங்கே இடம் கிடைக்காது. கிடைத்தால் வீட்டில் அடுப்பு எரியாது. அந்த வருஷம் சேத்துப்பட்டில் காசநோய் ஆராய்ச்சி மையம் ஒன்று திறந்தார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நாலும் கூட்டு. நோயாளிகளை இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்குச் சானடோரியத்தில் படுக்கை, நல்ல சாப்பாடு, ஓய்வு. இன்னொரு பிரிவுக்குத் தங்கள் நெருக்கடியான வீட்டிலேயே, அதே மாத்திரை.

1959-ல் முடிவு வெளிவந்தது. ஒரு வருஷச் சிகிச்சையில் வீட்டில் இருந்தவர்களும் ஏறத்தாழ அதே அளவு குணமானார்கள். கூட வசித்த குடும்பத்தாருக்கும் அதனால் கூடுதல் ஆபத்து இல்லை. வீட்டில் தொற்றைக் கட்டுப்படுத்தியது சுவர் அல்ல, விடாமல் சாப்பிட்ட மாத்திரை!

ஆனால் சும்மா மாத்திரையைக் கொடுத்து அனுப்பிவிடவில்லை. வீட்டுக்கே போய்ப் பார்த்தார்கள். மாத்திரையை எண்ணினார்கள். திடீரென்று போய்ச் சிறுநீரைப் பரிசோதித்து, சாப்பிட்டாரா, ஜன்னல் வழியாக வீசிவிட்டாரா என்று கண்டுபிடித்தார்கள். எங்கள் பாஷையில் சொன்னால் சர்ப்ரைஸ் ஆடிட். உலக நாடுகளில் சானடோரியங்கள் காலியாக அந்த ஆராய்ச்சியும் ஒரு பெரிய காரணம்.

அந்தப் புத்தி நம் மண்ணில் அப்படியே போய்விடவில்லை. 2021 ஆகஸ்ட் 5-ம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், பிரஷர், சர்க்கரை மாத்திரையோடு பிஸியோதெரபியையும் வீட்டு வாசலுக்கு அனுப்புவது ஒரு பகுதி. அதே 2021-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஒரு சட்டம், பிஸியோதெரபி உள்ளிட்ட துறைகளுக்குப் படிப்பு, பதிவு, தரம் இவற்றுக்கெல்லாம் ஒரு தேசிய ஆணையம் வேண்டும் என்றது.

இதெல்லாம் பெரிய இடத்துச் சமாச்சாரம். நம் கையில் இருப்பது, அடுத்த முறை மாடி ஏறும்போது கேட்கிற கேள்வி.

கட் பண்ணிப் பர்ஸில் வைத்துக்கொள்ளுங்கள்

1. தொடுவதற்கு முன் கை கழுவினாரா? "ஸார், கை கழுவிட்டீங்களா?" என்று கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. சிரித்துக்கொண்டே கேளுங்கள்.

2. சொந்த டவல், பெட்ஷீட் கொண்டுபோங்கள். ஒட்டும் பேடு உங்களுக்கென்று தனியாக வாங்கிக்கொள்ளுங்கள்.

3. கட்டில் உறை கிழிந்திருக்கிறதா, ஒருவர் எழுந்ததும் துடைக்கிறார்களா என்று பாருங்கள்.

4. ஜன்னல் திறந்திருக்கிறதா?

5. ஊசி என்றால் உங்கள் கண் முன்னால் புது உறை பிரிய வேண்டும்.

6. படர்தாமரை, புண், காய்ச்சல், இருமல் எதையும் மறைக்காதீர்கள். உங்களுக்குப் பின்னால் வருகிறவர் சர்க்கரை நோயாளியாக இருக்கலாம்.

7. பேஸ்மேக்கர், உடம்புக்குள் வைத்த பிளேட், சர்க்கரை, மரத்துப்போன பாதம்: முதல் நாளே சொல்லி, அட்டையில் எழுதச் சொல்லுங்கள்.

8. வாராவாரம் உங்கள் அட்டையை செல்போனில் போட்டோ எடுத்து வையுங்கள். எதை எதையோ போட்டோ எடுக்கிறோம்.

9. பணம் கட்டும் முன், "உடம்பு சரியில்லைன்னா சிட்டிங் தள்ளிப் போடலாமா?" என்று கேளுங்கள்.

10. "நீங்க லீவு போட்டா யார் பாப்பாங்க?" என்று கேளுங்கள். பதில் உடனே வந்தால் நல்ல க்ளினிக். விட்டத்தைப் பார்த்தால் நீங்கள் படியைப் பாருங்கள்.

இவ்வளவு கேட்டால் 'இவன் பெரிய இன்ஸ்பெக்டர்' என்று நினைப்பார்களோ என்று கூச்சமா? கத்திரிக்காய் கால் கிலோ வாங்கும்போது ஒவ்வொன்றாய்ப் புரட்டிச் சொத்தை பார்க்கிறோம். கடைக்காரர் கோபித்துக்கொண்டாரா? அந்தப் பெண் பிஸியோ சொன்னதையே சொல்கிறேன். "கேக்கறவங்க நாலு பேர் வந்தா எங்களுக்கும் நல்லது ஸார். அவங்களுக்குப் பயந்தாவது நாங்க சோம்பேறித்தனம் பண்ண மாட்டோம்."

தமிழில் ஒரே வார்த்தைக்கு எத்தனை அர்த்தம் பாருங்கள். நோயாளியைத் தொடும் முன் கையைக் கழுவ வேண்டும். தொட்டபின் நோயாளியைக் கைகழுவிவிடக் கூடாது. இந்த இரண்டுக்கும் வித்தியாசம் தெரிந்த க்ளினிக்காகப் பார்த்து ஏறுங்கள்.

அது இரண்டாவது மாடியில் இருந்தாலும் பரவாயில்லை!